ஐனா வீட்டை விற்றார்

கேள்வி: ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரே ஒரு ஜனாதிபதியைப் பற்றி நாற்பது வருடத்துக்கும் மேலாக எழுதிக்கொண்டிருக்கிறாராமே? பதிப்பாளர் கொட்டிக் கொடுக்கும் பணமும் உதவியாளர் பட்டாளமும் இருந்தால் நானும்தான் எழுதுவேன். இது ஆராய்ச்சியா, கொழுப்பா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ராபர்ட் காரோவைச் சொல்கிறீர்கள். நீங்களும் எழுதலாம், தாராளமாக. முதலில் வீட்டை விற்க வேண்டியிருக்கும், பரவாயில்லையா?

காரோ, நியூஸ்டே நாளிதழில் நிருபராக இருந்தவர். எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காமலே நியூயார்க்கின் சாலைகளையும் பாலங்களையும் தன் இஷ்டத்துக்குக் கட்டிய ராபர்ட் மோசஸைப் பற்றிப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். கைக்கு வந்த முன்பணம் 2,500 டாலர். ஒன்பது மாத வேலை என்று போட்ட கணக்கு ஏழு வருடம் இழுத்தது. நடுவில் ஒருநாள் வீடு திரும்பியவரிடம், 'இன்றைக்கு நம் வீட்டை விற்றாச்சு' என்றார் மனைவி ஐனா. அந்தக் காசும் கரைந்தது. ஒருவழியாகப் பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஐனா சொன்னது, 'இனி டிரை கிளீனிங் கடைக்குப் போகலாம்.' அங்கே பாக்கி இருந்ததே அப்போதுதான் காரோவுக்குத் தெரியும். 1974இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

உதவியாளர் பட்டாளம் என்றீர்களே, அதுவும் ஐனாதான். வேறு யாரையும் காரோ நம்பியதில்லை.

அடுத்த ஆள்தான் நீங்கள் சொன்ன ஜனாதிபதி, லிண்டன் ஜான்சன். அவர் பிறந்து வளர்ந்த டெக்சஸ் மலைப்பகுதியில் வந்துபோகும் நிருபர்களிடம் யாரும் வாய் திறப்பதில்லை. அங்கேயே குடிபோகலாம் என்றார் காரோ. 'நெப்போலியனைப் பற்றி எழுதக் கூடாதா?' என்று கேட்டுவிட்டு மூட்டை கட்டினார் ஐனா. பாரிஸ் கனவு போச்சு! மூன்று வருடம் அங்கே இருந்தார்கள். அத்திப்பழ ஜாம் செய்து எடுத்துக்கொண்டு போய்த்தான் அந்த ஊர்ப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார் ஐனா.

ஜான்சன் மின்சாரம் கொண்டுவந்தார் என்று எல்லாரும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு மூதாட்டி காரோவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், பழைய வாளியைக் கையில் கொடுத்து, இறைத்துப் பார் என்றார். கனம் தெரிந்தது. கூன் விழுந்த தன் முதுகையும் காட்டினார். மோட்டார் ஓட மின்சாரம் இல்லாத காலத்தில் நாள் முழுக்க அப்படி இறைத்துச் சுமந்த முதுகு. காரோவின் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இதற்கு உண்டு.

குறை இல்லாமல் இல்லை. ஜான்சன் வரலாற்றின் இரண்டாம் பாகத்தில், 1948 செனட் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் போட்டியில் ஜான்சனிடம் 87 வாக்கில் தோற்ற கோக் ஸ்டீவன்சனைக் கிட்டத்தட்ட மகானாக்கிவிட்டார். விமர்சகர்கள் காய்ச்சியது நியாயம்தான். வேகத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு பாகம் வந்தாயிற்று, நான்காவது 2012இல், வயதோ தொண்ணூறை ஒட்டிவிட்டது. என் நிருபர் ஒரு கட்டுரைக்கு ஒரு மாதம் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

ஆனால் ஒன்று கேளுங்கள். ஜான்சனின் தம்பி சாம் ஹூஸ்டன் ஜான்சன், அண்ணனின் சிறுவயதுக் கதைகளைச் சுவையாகச் சொல்லுவார். எல்லாப் புத்தகத்திலும் அவை உண்டு. காரோவுக்கு நம்பிக்கை வரவில்லை. பிற்பாடு தம்பி குடியை விட்டு, நோயில் விழுந்து எழுந்து அடங்கிப்போனார். ஜான்சன் சிட்டியில் அவர்கள் வாழ்ந்த வீடு இப்போது காட்சியகம். பார்வையாளர்கள் போனபிறகு அங்கே அவரை அழைத்துப்போய், சாப்பாட்டு மேசையில் சிறுவயதில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காரவைத்தார் காரோ. தான் மட்டும் கண்ணில் படாமல் பின்னால், நோட்டுப் புத்தகத்தோடு. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அந்த மேசையில் நடந்த சண்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நேர்காணலில் தான் குறுக்கே பேசிவிடக் கூடாது என்று 'வாயை மூடு' என்பதைச் சுருக்கி இரண்டு எழுத்தாக நோட்டில் எழுதிக்கொள்ளும் ஆள் காரோ.

கடைசியில் காரோ கேட்டார்: 'முன்பு சொன்ன அந்த வேடிக்கைக் கதைகளை, இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.'

'முடியாது.'

'ஏன்?'

'அதெல்லாம் நடக்கவே இல்லை.'