தலையணை உறை ஏன் நனைகிறது?

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. ராத்திரி 7 மணிக்குக் கலவை இன்சுலின் போட்டுக்கொண்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்துவிடுவார். ஆனால் மூன்று மணிக்குத் திருடன் மாதிரி எழுந்து வந்து வெல்லம் தின்கிறார். கேட்டால் எரிந்து விழுகிறார். விடிந்தபின் கேட்டால் ஞாபகமில்லை என்கிறார். காலையில் பார்த்தால் சர்க்கரை 240. என் கணவர் ஊசியை இரண்டு யூனிட் கூட்டினார், நான் அலமாரியைப் பூட்டிவிட்டேன். இந்த மார்கழிக் குளிரிலும் வியர்த்து நனைகிற தலையணை உறையைத் தினமும் துவைப்பது வேறு என் தலையில். இந்த நாக்கை எப்படி அடக்குவது?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: முதலில் போய் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

மாமனாரின் நாக்கைப் பற்றி எனக்கு வராத கடிதமில்லை. பலதும் நாக்குச் சமாசாரம்தான். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. துவைக்கிற அலுப்பில் ஒரு வரி எழுதினீர்களே, தலையணை உறை நனைகிறது என்று? கடிதத்தில் விஷயம் அது ஒன்றுதான். மார்கழியில் ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது ஒரு கிழவருக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது என்று வீட்டில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், அகோரமாகப் பசிக்கும். 54-க்கும் கீழே போனால் மூளைக்கே தீனி போதாது. பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், நடந்தது நினைவில் தங்காது. நீங்கள் எழுதியதையே நான் திருப்பிச் சொல்வது போல் இல்லையா? பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். கலவை இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பாகம், ஏழு மணிக்குப் போட்டால் நடுராத்திரியை ஒட்டித்தான் உச்சத்துக்கு வரும். வயிற்றிலோ இரண்டு இட்லி. மனிதர் திருடவில்லை அம்மா, பிழைக்கப் பார்த்திருக்கிறார். இத்தனை நாள் அந்த வெல்லம்தான் அவரைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். அதைத்தான் பூட்டினீர்கள்.

காலை 240, பயத்தில் அள்ளித் தின்ற வெல்லத்தின் கணக்காக இருக்கலாம். அதைப் பார்த்து ஊசியைக் கூட்ட உங்கள் கணவர் எந்தக் காலேஜில் படித்தார்? இன்று ராத்திரி ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் பேசியாக வேண்டும். வியர்வை, மூன்று மணி, கூட்டிய யூனிட் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். நீங்களாகவே ஊசியை நிறுத்தவும் கூடாது.

மூன்று மணிக்கு எழுப்பி விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைக்கும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறியபின் ஒரு இட்லியோ நாலு பிஸ்கட்டோ கொடுங்கள். மாத்திரைகளில் வோக்லிபோஸ் இருந்தால் சர்க்கரையும் வெல்லமும் சீக்கிரம் பலிக்காது, குளுக்கோஸே வேண்டும். மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், முதலில் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் பழைய காலத்து மனுஷி. தன் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு பெரியவர் ஒளிந்து ஒளிந்து வர வேண்டியிருந்தால், வெட்கப்பட வேண்டியது அவர் இல்லை என்று நினைப்பவள். இருபது வருட வியாதிக்காரர் ஏழு மணிக்குத் தானே ஊசி போட்டு, தானே சாப்பிட்டுத் தனியாகப் படுக்கிறார். யூனிட்டைக் கூட்ட மட்டும் மகன் வருகிறார்! உறையைத் துவைத்தது நீங்கள், அதனால் திட்டும் உங்களுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அது நியாயமில்லைதான்.

குளுக்கோஸ் டப்பா, ஸ்பூன், ஒரு சொம்புத் தண்ணீர் மூன்றும் இன்றைக்கே அவர் கட்டிலருகே இருக்கட்டும். மூன்று மணிக்கு அலாரம் உங்கள் போனில் வேண்டாம். அவர் மகனுடைய போனில் வையுங்கள்.