3.1 வாங்கிய மகள் டாக்டராக முடியுமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பயாலஜி பட்டம் முடித்துவிட்டாள். ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், 4க்கு 3.1தான். முதல் இரண்டு வருடம் சொதப்பிவிட்டாள், ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி கிரேடு. ஆனாலும் மெடிக்கல் ஸ்கூல்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். மாஸ்டர்ஸ் படித்தால் ஜிபிஏ ஏறிவிடும் என்கிறார் ஒருவர். மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் அடித்துத் தூக்கினால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?
- ஒரு அம்மா, நியூஜெர்சி

பதில்: இரண்டு பேரும் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் அம்மா.

எம்.டி. (அங்கே இதுதான் நம்மூர் எம்பிபிஎஸ் மாதிரி முதல் மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் மாஸ்டர்ஸ் மதிப்பெண் தனியாகத்தான் நிற்கும், இளங்கலை ஜிபிஏவில் சேராது. பட்டத்துக்கு அப்புறம் இளங்கலை அளவில் எடுக்கிற போஸ்ட்-பேக் பாடங்கள்தான் சேரும். சரி, அதில் எவ்வளவு ஏறும்? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 120 கிரெடிட், 3.1 என்றால் 372 புள்ளி. இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ (கிரெடிட்டுக்கு 4 புள்ளி) வாங்கினால் 120 புள்ளி சேரும். 492ஐ 150ஆல் வகுத்தால் 3.28. ஒரு வருட உழைப்பும் கைக்காசும் போட்டு ஏறுவது 0.18! இடம் கிடைத்தவர்களின் சராசரியோ 3.8ஐ ஒட்டி இருக்கிறது.

இதைப் பார்த்து அவளைச் சோர்ந்துபோக விடாதீர்கள், ஏனென்றால் அதே விண்ணப்பத்தில் ஜிபிஏ வருடவாரியாகவும், அறிவியல் பாடங்களுக்குத் தனியாகவும் பிரிந்து வரும், போஸ்ட்-பேக் வரிசையில் அந்த 4.0 பளிச்சென்று தெரியும். தேர்வுக் குழுவைத் திரும்பிப் பார்க்க வைப்பது அந்த வரிசைதான். ஆர்கானிக்கை மறுபடி எழுதினாலும் பழைய சி அழியாது, இரண்டும் கணக்கில் வரும். அதைவிட பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கினால் ஆர்கானிக் புரிந்திருக்கிறது என்று காட்டிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

எம்கேட் மொத்தம் 528. சேர்கிறவர்களின் சராசரி 511, 512 என்று இருக்கிறது. நல்ல மதிப்பெண் கட்டாயம் உதவும், ஆனால் நம்மூர் நீட் மாதிரி ஒரே பரீட்சையில் தலையெழுத்து மாறிவிடாது. இன்னொன்று, எழுதிய ஒவ்வொரு முறையும் வாங்கிய மதிப்பெண்ணைக் கல்லூரிகள் பார்க்கும், அதனால் 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்' என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளையும் பட்டியலில் சேருங்கள். அங்கே சராசரி கொஞ்சம் குறைவு. 2020லிருந்து எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்கு அப்புறம் மருத்துவமனையில் எடுக்கிற பயிற்சி) அங்கீகாரம் ஒன்றுதான், டி.ஓ. படித்தவர்களும் மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். ஊரில் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் பாடு! கரீபியன் தீவுகளில் உள்ள மெடிக்கல் கல்லூரிகளில் இடம் சுலபமாகக் கிடைக்கும், முடித்தபின் ரெசிடென்சிக்குத்தான் திண்டாட்டம், கடைசியாக யோசிக்கலாம்.

அவசரப்பட்டு இந்த வருடமே விண்ணப்பிக்க வேண்டாம். போஸ்ட்-பேக் முடித்து, அந்த ஜூனிலேயே அனுப்பினால் அதற்கடுத்த வருடம்தான் வகுப்பு தொடங்கும், ஆக இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

அப்புறம், முதல் இரண்டு வருடம் ஏன் சொதப்பியது என்று மகளை உட்காரவைத்துக் கேட்டீர்களா? உடம்பா, மனசா, பகுதிநேர வேலையா, படிக்கிற முறையா? அந்தக் காரணம் இன்னும் தீரவில்லை என்றால் போஸ்ட்-பேக்குக்கு இப்போது பணம் கட்டாதீர்கள்.