குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்ட்: ஒரு தடவை ரத்தமா, மூன்று தடவையா?

கேள்வி: எனக்கு இது கர்ப்பத்தின் 25-வது வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில், சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை என்று குளுக்கோஸ் கொடுத்து ஒரே முறை ரத்தம் எடுத்தார்கள். தனியார் லேபில் வெறும் வயிற்றோடு வரவேண்டும், மூன்று முறை எடுப்போம் என்கிறார்கள். எது சரி? குடித்ததும் வாந்தி வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டுமே சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு பரிசோதனைகள். ஒன்றின் அளவை வைத்து இன்னொன்றின் ரிப்போர்ட்டைப் படித்தால்தான் குழப்பம்.

அரசு நிலையத்தில் செய்தது, சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்னெடுத்த முறை. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ். 2 மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. காலையில் பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியைப் பட்டினி போடாத முறை இது. நம் ஊருக்கு மிகவும் பொருத்தமானது.

லேப் சொல்வதில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே சர்க்கரைதான்.

இதற்குத் தயாராவது மூன்று நாள் முன்பே தொடங்குகிறது. 'ரிப்போர்ட் நல்லா வரணும்' என்று சோறு, இட்லியைக் குறைத்துவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்த உடம்பு இன்சுலினை மந்தமாகச் சுரக்கும். திடீரென 75 கிராம் உள்ளே போனதும் அளவு பொய்யாக ஏறும். முந்தின இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். தண்ணீர் குடிக்கலாம். காபி, சர்க்கரை போடாததும்கூட, வேண்டாம்.

குளுக்கோஸ் நீங்களே வாங்கிப் போவதானால் 75 கிராம் பாக்கெட்டாகக் கேளுங்கள்; 100 கிராம் டப்பாவை அப்படியே கொட்டிவிடக் கூடாது. சுமார் 300 மில்லி குளிர்ந்த நீரில் கரைத்து, ஒரே மூச்சில் குடிக்காமல் 5 நிமிடத்தில் மடக்கு மடக்காகக் குடித்தால் குமட்டல் குறையும். கணக்கு தொடங்குவது முதல் மடக்கிலிருந்து. 8.10 என்றால் 9.10, 10.10 என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் செய்யவேண்டும். இடைப்பட்ட நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வராதீர்கள். நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது அளவை ஏற்றிவிடும்.

ரத்தம் எடுக்கும்போது டியூபின் மூடியைப் பாருங்கள். சாம்பல் நிறம் என்றால் உள்ளே ஃபுளோரைடு இருக்கிறது. அது இல்லாத டியூபில் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். லேப் முறையின் இரண்டு மணி ரத்தத்தில் உண்மையில் 155 இருந்தது, ஒரு மணி நேரம் மேஜையில் கிடந்தால் 145 ஆகி, 153-க்குக் கீழே 'நார்மல்' என்று கைக்கு வரும்.

கேள்வி: கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. பிரசவத்துக்குப் பின் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்த டெஸ்ட்) மட்டும் பார்த்தால் போதாதா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது. பிரசவ ரத்தப்போக்கும் ரத்தசோகையும் அந்த எண்ணை மாற்றிவிடும். 6-வது வாரத்தில் வெறும் வயிற்றில் இதே 75 கிராம் டெஸ்ட் செய்யுங்கள். இப்போது அளவு வேறு: இரண்டு மணியில் 140-க்குக் கீழே நார்மல், 199 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 200 முதல் சர்க்கரை நோய்.