சுவரைத் தடிப்பாக்கினால் சூடு நிற்குமா? பழைய விறகடுப்பைச் சீரமைப்பது எப்படி

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வாய் உள்ள பழைய மண் அடுப்பு இருக்கிறது. விறகு அதிகம் பிடிக்கிறது, புகையும் தாங்க முடியவில்லை. சூடு வெளியே போகாமல் இருக்கட்டும் என்று போன வருடம் சுற்றிலும் கல்லும் களிமண்ணும் வைத்து நாலு விரல் தடிமன் கூட்டினேன். இப்போது சூடேறவே நேரமாகிறது, விறகுச் செலவும் குறையவில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? புகைபோக்கி வைத்தால் போதுமா? சின்ன மின்விசிறி வைத்து ஊதினால் தேவலையா?

பதில்: இப்போதைக்கு இடிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் கூட்டிய அந்த நாலு விரல் மண்ணைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அடுப்பைத் திருத்தக் கிளம்புகிற பெரும்பாலானவர்கள் சறுக்குவது அங்கேதான். நானும் சறுக்கியிருக்கிறேன்.

தடித்த சுவர் சூட்டைக் காக்கும் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் கனமான மண் சூட்டைக் குடிக்கும். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒரு கிலோ காய்ந்த மண்ணை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 0.9 கிலோ ஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வேண்டும். உங்கள் அடுப்பில் 100 கிலோ மண் இருந்து, அது சராசரியாக 50 டிகிரி ஏறுகிறது என்றால் 4,500 கிலோ ஜூல் சுவருக்குள் போய்விட்டது. 5 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 1,570 கிலோ ஜூல் போதும். பாத்திரம் கேட்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கை அடுப்பே விழுங்குகிறது. நாள் முழுக்க எரியும் அடுப்பில் இந்த நட்டம் ஒரு முறையோடு முடிந்துவிடும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் எரிக்கும் வீட்டிலோ ஒவ்வொரு தடவையும் அந்தச் சூட்டைச் சுவருக்கு முதலிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. சூடேற நேரமாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுதான்.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 1976 நிலநடுக்கத்துக்குப் பிறகு குவாத்தமாலாவில் 'லொரேனா' என்ற அடுப்பு பரவியது. ஸ்பானிய மொழியில் சேறு, மணல் என்ற இரண்டு சொற்களை ஒட்டி வைத்த பெயர் அது. மணலும் களிமண்ணும் கலந்து பெரிய திட்டாகக் கட்டி, உள்ளே குடைந்து புகைவழி விடுவார்கள். பார்க்க அழகு, புகைபோக்கியும் உண்டு. பிற்பாடு முறையாக அளந்து பார்த்தபோது, கவனமாக எரித்த மூன்று கல் அடுப்பைவிட அது விறகை மிச்சப்படுத்தவில்லை, கூடுதலாகவே பிடித்தது என்று தெரியவந்தது. அந்த அடுப்பைப் பரப்புவதில் முன்னால் நின்ற, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து அப்ரோவெச்சோ ஆய்வு மையமே இந்தக் குறையைச் சோதித்து ஒப்புக்கொண்டது. அங்கே பணியாற்றிய லாரி வினியார்ஸ்கி 1980களில் வகுத்த வழிமுறைகளில் இருந்துதான் இன்று 'ராக்கெட் அடுப்பு' என்று சொல்லப்படும் வகை வந்தது. கீழே நான் சொல்லும் அளவுகளில் பலவும் அந்த வழியில் வந்தவை.

சூட்டைத் தடுக்க வேண்டுமானால் உள்ளே காற்று சிறைப்பட்ட, எடை குறைந்த பொருள் வேண்டும். சலித்த விறகுச் சாம்பல், நுரைக்கல், சூட்டில் பொரிந்து லேசாகும் கனிமங்களான பெர்லைட், வெர்மிகுலைட் எல்லாம் அந்த ரகம். மரத்தூளையோ உமியையோ களிமண்ணோடு பிசைந்து சுட்டால், தூள் எரிந்துபோய் உள்ளே பொத்தல் பொத்தலாக இருக்கும் செங்கல் கிடைக்கும், அதுவும் ஆகும். எது தேறும் என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: வெப்பம் தடுக்கும் கல் தண்ணீரில் மிதக்க வேண்டும். மூழ்கினால் அது வெறும் செங்கல்.

இனி புகைக்கு வருவோம். விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் ஈரம் போகும். 200, 300 டிகிரிக்கு மேல் கட்டை உடைந்து ஆவியாக வெளியேறும். உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படிப் போவதுதான், மிச்சம்தான் கரித் தணல். அந்த ஆவி போதிய காற்றோடு கலந்து 600 டிகிரிக்கு மேல் சற்று நேரம் இருந்தால் சுடராக எரியும். அதற்கு முன்பே குளிர்ந்த சுவரிலோ பாத்திரத்தின் அடியிலோ மோதினால் அணைந்து, புகையாகக் கண்ணைக் கரிக்கும், பாத்திரத்தில் கரியாகப் படியும். ஆகவே உங்கள் அடுப்பு அதிக விறகு தின்பதும் புகைவதும் இரண்டு நோய்கள் இல்லை.

ஆனால் வைத்தியம் இரண்டு. விறகை முழுக்க எரிக்க வேண்டும், எரிந்த சூட்டைப் பாத்திரத்துக்குள் தள்ள வேண்டும். இவை ஒன்றோடொன்று கொஞ்சம் சண்டை போடும். பாத்திரத்தைத் தீக்கு மிக அருகில் வைத்தால் சூடு நன்றாக ஏறும், சுடர் அணைந்து புகையும். உயரத் தூக்கினால் சுத்தமாக எரியும், சூடு பக்கவாட்டில் தப்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் இடம் பிடிப்பதுதான் அடுப்புக் கட்டுகிறவரின் வேலை.

அதற்கு வழி, தீக்கு மேலே ஒரு குட்டிப் புகைபோக்கி. எரியறை படுத்திருக்கும் ஒரு குழாயும் நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாயும் முழங்கை போலச் சேர்ந்த வடிவில் இருக்கும். படுத்த பகுதியில் விறகு நுழையும், மூலையில் தீ எரியும், நிமிர்ந்த பகுதியில் ஆவி எரிந்து முடியும். ஒரு குடும்பத்துக்கு உள்ளளவு 12 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் போதும். நிமிர்ந்த பகுதி 30 முதல் 36 செ.மீ. வரை. இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது, "இவ்வளவு சின்ன வாயா?" என்றுதான். உங்கள் அடுப்பின் விறகு வாய் அநேகமாக இதைப்போல மூன்று மடங்கு இருக்கும். வாய் பெரிதானால் விறகுக்கு மேலாகக் குளிர்ந்த காற்று புகுந்து சுடரைக் குளிர்விக்கும். பெரிய கட்டையை அப்படியே தள்ளவும் இடம் கொடுக்கும்.

அந்தச் சின்ன வாயையும் குறுக்கே ஒரு தட்டு வைத்து இரண்டாகப் பிரியுங்கள். மேலே விறகு, கீழே காற்று. தட்டு நுழைவாயில் அளவுக்கு இருந்தால் போதும், அதன் உள் நுனியில் கம்பிச் சட்டம் ஒன்று இருந்தால் விறகின் நுனி அதில் தாங்கும். காற்று அடியிலிருந்து தணலின் ஊடே புகுந்து, சூடாகிக்கொண்டே மேலே போகும். விறகின் நுனி மட்டும்தான் எரிய வேண்டும். தீயைக் கூட்டக் கூடுதல் சுள்ளி, குறைக்க ஒன்றிரண்டை வெளியே இழுப்பது. கட்டையின் நடுப்பகுதி எரியாமல் சூடாகிப் புகைந்துகொண்டிருந்தால் விறகை அதிகமாகத் தள்ளிவிட்டீர்கள் என்று பொருள். இடிக்காமல், காசு செலவழிக்காமல் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது இந்தத் தட்டுதான்.

அடுத்து பாத்திரம் உட்காரும் இடம். அடுப்புக் குமிழ்களை எல்லோரும் கண்ணளவில் வைப்பார்கள். பாத்திரத்துக்கும் விளிம்புக்கும் இடையில் மூன்று, நான்கு விரல் இடைவெளி இருக்கும். அடுப்பைச் சுற்றி நின்றால் குளிருக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே பின்பற்ற வேண்டிய விதி, தீக்காற்று போகும் வழியின் பரப்பு எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. எரியறை 12க்கு 12 என்றால் பரப்பு 144 சதுர செ.மீ. எரியறையின் மேல் விளிம்பின் சுற்றளவு 48 செ.மீ. 144ஐ 48ஆல் வகுத்தால் 3. அந்த விளிம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் நடுவே 3 செ.மீ. விடுங்கள். பாத்திரம் 30 செ.மீ. விட்டம் என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ., அதே வகுத்தலில் பாத்திர ஓரத்தில் இடைவெளி 1.5 செ.மீ. ஆகிறது. 24 செ.மீ. பாத்திரத்துக்குக் கிட்டத்தட்ட 1.9 செ.மீ. ஆக, பாத்திரத்தின் அடியில் உள்ள தளம் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஏறி வர வேண்டும். பாத்திரத்தைச் சுற்றித் தகரப் பட்டை ஒன்றை அதே இடைவெளியில் நிறுத்தினால், அடியைத் தடவிய சூடு பக்கங்களையும் தடவிக்கொண்டு போகும். விறகில் வித்தியாசம் தெரியும். இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், விறகு வாய் வழியே புகை திரும்பினால் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

இரண்டாவது வாய்? அதைப் பயன்படுத்தாத நேரத்தில் மூடி வையுங்கள். திறந்திருந்தால் காற்றை மேலே இழுக்கும் இழுவையும் சூடும் அங்கே வீணாகப் போகும். தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை நிரந்தரமாக அதில் உட்கார வைக்கிறவர்கள் புத்திசாலிகள்.

விறகைப் பற்றி ஒரு சொல். பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீராக இருக்கக்கூடும். அப்படி ஒரு கிலோ விறகை எரித்தால் அதிலுள்ள அரைக் கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கவே சுமார் 1,300 கிலோ ஜூல் போகும். அதைவிடப் பெரிய கெடுதல், அந்த நீராவி தீயைக் குளிர்வித்துப் புகைய விடுவது. பெருவிரல் தடிமனுக்குப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய விடுங்கள். பழைய அடுப்பிலேயே இதற்குப் பலன் தெரியும்.

புகைபோக்கி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வையுங்கள், ஆனால் அது விறகை மிச்சப்படுத்தும் என்று நம்பி வைக்க வேண்டாம். அதன் வேலை, தப்பிய புகையைச் சமையலறைக்கு வெளியே கொண்டுபோவது. இழுவை மிஞ்சினால் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 10 முதல் 13 செ.மீ. விட்டம் போதும், கூரைக்கு மேல் அரை மீட்டருக்குக் குறையாமல் உயர வேண்டும், எளிதில் தீப்பிடிக்கும் கூரை என்றால் குழாயைச் சுற்றி இடம் விட்டு உலோகத் தகடு வைத்தே ஆக வேண்டும். உள்ளே படியும் புகைக்கரியை அடிக்கடி தட்டி எடுக்க வசதியாக அடியில் ஒரு மூடி விடுங்கள், சேர்ந்துபோனால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். தணல் இருக்கும்போது குழாயின் தடுப்புத் தகட்டை முழுக்க மூடிவிட்டுப் போகாதீர்கள். புகையில்லாத தணலும் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு நிறமோ மணமோ கிடையாது.

உடல்நலத்தை முன்னிட்டுக் கேட்கிறீர்கள் என்றால் இதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020ஆம் ஆண்டில் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். புகைபோக்கி உள்ள அடுப்பைக் குவாத்தமாலாவில் வீடுகளுக்குக் கொடுத்துக் குழந்தைகளைக் கவனித்த ஆய்வு 2011இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. குழந்தைகள் மீது படும் புகை பாதியாகக் குறைந்தது, கடுமையான நிமோனியாவும் குறைந்தது, ஆனால் மொத்த நிமோனியாவில் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. பாதிப் புகை இன்னும் நிறையப் புகைதான். அடுப்பைத் திருத்திய பிறகும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கைக்குழந்தையை அடுப்பின் பக்கத்தில் கிடத்த வேண்டாம்.

மின்விசிறி இந்த அடுப்புக்கு வேண்டாம். விசிறி அடுப்புகள் நன்றாகவே எரியும். ஆனால் அவற்றில் விறகுக்கு மேலே சிறு துளைகள் வழியாகச் சூடான காற்றை வேகமாகப் பாய்ச்சி ஆவியோடு கலக்கும்படி உடலையே வேறு மாதிரி செய்திருப்பார்கள். திறந்த மண் அடுப்பின் வாயில் விசிறியை நிறுத்தினால் சாம்பல்தான் பறக்கும்.

இனி எதை முதலில் செய்வது? எதையும் தொடுவதற்கு முன் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். காய்ந்த விறகை நிறுத்து வைத்து, ஆறிய அடுப்பில் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மிஞ்சிய விறகையும் கரியையும் மறுபடி நிறுங்கள். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 15,000 கிலோ ஜூல் உண்டு. ஒரு கிலோ செலவானால் உங்கள் அடுப்பின் திறன் ஏறத்தாழ 10 சதவீதம். 350 கிராமில் முடிந்தால் 30 சதவீதம், அது நல்ல அடுப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனையைச் செய்தால் எது பயன் தந்தது, எது வெறும் பூச்சு என்று தெரிந்துவிடும். பிளந்த காய்ந்த விறகு, தட்டு, வாயைச் சுருக்குவது, பாத்திர இடைவெளி என்ற வரிசையில் போங்கள். இந்த நான்கிலேயே மனசுக்குத் திருப்தியாகிவிட்டால் கடப்பாரையை எடுக்க வேண்டியதில்லை.

ஆகவில்லை என்றால் உள்ளே மட்டும் குடையுங்கள். நீங்கள் வைத்த கல்லையும் மண்ணையும் உட்புறமாக எடுத்துவிட்டு, இரண்டு செ.மீ. தடிமனுள்ள சுட்ட களிமண் ஓடுகளால் முழங்கை வடிவ எரியறையைக் கட்டி, அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவே எட்டுப் பத்து செ.மீ. அகலத்துக்குச் சலித்த சாம்பலைக் கொட்டி நிரப்புங்கள். ஹோண்டுராஸில் பரவிய 'ஹுஸ்தா' அடுப்பில் இப்படித்தான் தரை ஓடும் சாம்பலும் வைத்தார்கள். ஓடு நாளடைவில் விரிசல் விடும், மாற்றுவதற்கு வாகாக வையுங்கள். தகரக் குழாயை எரியறையாக வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் சாதாரண இரும்பு சில மாதங்களில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். சாம்பல் அமுங்கி இறங்கும், ஆகவே மேல்தளத்தைப் பூசி மூடும் முன் ஒரு வாரம் சின்னத் தீயாக எரித்து, இறங்கிய இடத்தை மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.