வெள்ளாமை பொய்த்த வருஷம், பிள்ளைகள் படிப்பு: கேள்வி பதில்

தமிழ்நாட்டில் கிராமத்து அரசுப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், விவசாயக் குடும்பத்தினர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

சம்பா மூழ்கிப் போச்சுங்க ஐயா. மக அரசுப் பள்ளியில எட்டாவது. கையில காசா ஏதாச்சும் வருமா?

எட்டாவதுதான் அதற்கான வகுப்பு அம்மா. மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதச் சொல்லுங்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். தேர்வானவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறொன்று என்றிருக்கும். வருஷா வருஷம் இணையத்தில் புதுப்பிக்க மறந்துபோவார்கள். ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் பணம் நின்றுவிடும்.

வருமானச் சான்றுக்கு இப்போதே இ-சேவையில் போடுங்கள். "அதான் நிலம் இருக்கே" என்று அதிகாரி வருமானத்தைக் கூட்டி எழுதப் பார்த்தால், பயிர்ச்சேதக் கணக்கெடுப்பில் உங்கள் சர்வே எண் வந்திருப்பதைக் காட்டிப் பேசுங்கள். தயங்க வேண்டியதே இல்லை.

மோட்டார் கொட்டகையில கரண்ட் அடிச்சு என் தம்பி தவறிட்டான். ரெண்டு பிள்ளைங்க, ஏழாவதும் நாலாவதும்.

வருத்தமாக இருக்கிறது ஐயா. சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 75,000 ரூபாய் உதவி உண்டு. படிப்புக்காக வைப்பு நிதியாகப் போடுவார்கள். இறப்புச் சான்று, எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். பள்ளி தானாகவே செய்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

தை பிறந்தா செங்கல் சூளைக்குப் போயிடுவோம். அஞ்சாவது படிக்கிற பொண்ணை என்ன பண்றது?

மூன்று வழி இருக்கிறது. பாட்டியிடம் விட்டுப் போகலாம். தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி, மதியச் சத்துணவு இரண்டும் கிடைப்பதால் பாட்டிக்குப் பாதிச் சுமை குறையும். அல்லது நான்காம் வகுப்பிலிருந்து அரசு விடுதி உண்டு. வீட்டுக்கும் பள்ளிக்கும் இத்தனை கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி பெண்பிள்ளைகளுக்குக் கிடையாது. கூட்டிக்கொண்டே போவதென்றால் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேருங்கள். டி.சி. தாமதம் என்று காரணம் சொல்லிச் சேர்க்க மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. சூளையிலேயே கல் அடுக்க விடுவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தக்காளி விலை கவுத்திருச்சு. தனியார் பள்ளியில ஃபீஸ் பாக்கி. அஞ்சாவது முடிக்கிற பையனை அரசுப் பள்ளிக்கு மாத்தலாமா? டி.சி. தர மாட்டேங்கிறாங்க.

தாராளமாக மாற்றுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மாற்றுவதென்றால் ஆறாவதிலேயே மாற்றிவிடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டும். கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அப்படிப் படித்தவர்களுக்குக் கிடைக்கும். டி.சி. இல்லாமலே எட்டாவது வரை சேர்க்கலாம். கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் சொல்லியிருக்கிறது.

நான் கிராமத்துப் பள்ளி ஆசிரியை. கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளை வாய் திறப்பதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் தொடர்ந்து விடுப்பு எடுக்கும் பிள்ளை கூலிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் சொல்லி உதவி கொடுக்காதீர்கள். வாங்கிய பிள்ளை மறுநாள் வராது. பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிடுவதைவிடச் சாயங்காலம் களத்துமேட்டில் பார்த்துப் பேசுவது மேல். பள்ளிக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், களத்தில்தான் கடன் கணக்கைச் சொல்வார்கள்.