ஆந்தூரியம் பூக்கவில்லையா? டானிக் வேண்டாம், வேரைப் பாருங்கள்

கேள்வி: மூன்று மாதம் முன்பு சாலையோர நர்சரியில் 650 ரூபாய் கொடுத்து சிவப்பு ஆந்தூரியம் வாங்கினேன். அப்போது நான்கு பூக்கள் இருந்தன. ஹாலில் ஏ.சி.க்கு நேர் கீழே வைத்து, தினமும் ஒரு டம்ளர் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது இலை ஓரமெல்லாம் காய்கிறது, அடி இலைகள் மஞ்சளாகின்றன, பூவே இல்லை. செம்மண்ணும் சாணி எருவும் கலந்து தொட்டியை மாற்றி, பூ டானிக் விடச் சொல்கிறார் நர்சரிக்காரர். செய்யலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள். டானிக்குக்குக் காசு கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் திறக்க வேண்டாம்.

ஆந்தூரியத்தில் ஓர் இலைக்கு ஒரு பூ என்பதுதான் கணக்கு. புது இலை வந்தால் அதன் காம்படியிலிருந்து பூ வரும். இலையே வராத செடியிலிருந்து பூவை மட்டும் எந்தப் பாட்டிலும் வரவழைக்காது. வேர் நன்றாக இருந்தால்தான் இலை வரும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் செடிக்கு வேரில்தான் கோளாறு.

இது கொலம்பியா, ஈக்வடார் மலைச்சரிவுகளின் மழைக்காட்டுச் செடி. 1876-ல் எதுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவில் இதைக் கண்டெடுத்த பிறகுதான் ஐரோப்பாவுக்குப் போனது. காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டும், உதிர்ந்த இலைமக்கில் வேர் விட்டும் வளரும். வேருக்கு ஈரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். செம்மண் நாலு முறை தண்ணீர் பட்டதும் இறுகிவிடும். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சரி, இதற்கு ஆகாது.

முதலில் செடியைத் தொட்டியோடு தூக்கிப் பாருங்கள். காலையில் தண்ணீர் ஊற்றும் முன்பே கனக்கிறதென்றால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, ஈரம் தட்டாதபோது ஊற்றினால் போதும். ஊற்றும்போது அடி ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு டம்ளர் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். மேல்பகுதி காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சேறாகக் கிடக்கும்.

அப்புறம் அந்த போர் தண்ணீர். உங்கள் குளியலறை வாளியில் வெள்ளையாகப் படிகிறதா? அதே உப்புதான் தொட்டியிலும் சேர்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. வேர் உறிஞ்சிய உப்பு கடைசியில் இலை விளிம்பில் போய்ச் சேர்வதால்தான் ஓரம் கருகுகிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லி வீடியோக்கள் சுற்றுகின்றன. அது உப்பு மொத்தமும் திரண்ட தண்ணீர், ஆந்தூரியத்துக்கு விஷம். உங்கள் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுகிறதே, அதை ஒரு வாளியில் பிடியுங்கள். அதில் உப்பு அநேகமாக இல்லை. அதைவிட நல்லது மழைத்தண்ணீர். 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பைச் சட்டமாக்கிய மாநிலம் இது. ஆனாலும் பல அடுக்குமாடிகளில் குழாய் சாக்கடைக்குத்தான் போகிறது.

வாடிய செடியின் தொட்டியை மாற்றாதீர்கள் என்பது பொதுவிதி. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். தொட்டியைச் சாய்த்து, செடியை அடித்தண்டோடு பிடித்து மெல்ல உருவுங்கள். வேர் வெள்ளையாக, சேமியாவைவிடத் தடிப்பாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு உள்ளே நூல் மிஞ்சினால் அழுகல், தொட்டியை மாற்றியாக வேண்டும். இரண்டும் கலந்து இருந்தால்? மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். ஈர மண் வாசனை என்றால் தண்ணீரைக் குறைத்தாலே தேறிவிடும், தொட்டி மாற்ற வேண்டாம். சாக்கடை நாற்றம் அடித்தால் இன்றைக்கே மாற்றுங்கள், பூ இருந்தாலும் மாற்றுங்கள். வேர்க்கட்டியின் நடுவையும் விரலால் தடவிப் பாருங்கள். நாற்றாக இருந்தபோது சுற்றிய வலையோ காகிதமோ சில செடிகளில் உள்ளேயே இருக்கும். அது வேரை நெரித்து, நடுவில் ஈரத்தைத் தேக்கி வைக்கும். இருந்தால் கத்தரித்து எடுங்கள்.

அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கழுவிய அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு, கோகோபீட் (கட்டியாக விற்கும் தேங்காய் நார்த்தூள்) அரைப் பங்கு கலந்து, வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டியில் வையுங்கள். கோகோபீட்டை மூன்று நான்கு முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். உப்புத்தண்ணீரில் ஊறிய நாராக இருந்தால் அந்த உப்பும் கட்டியோடு வந்திருக்கும். பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்பி அலசாமல் விடாதீர்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். ஏ.சி. காற்று நேராகப் படக் கூடாது. கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, பகலில் விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற வெளிச்சம் போதும்.

இனி உங்களிடம் செடியும் மருந்தும் விதையும் விற்பவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தச் செடிகள் பெங்களூரு, ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களிலும் ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலும் இருந்து கைமாறிக் கைமாறி வருகின்றன. நடுவில் இருப்பவருக்கு அது பூவோடு இருக்கும் ஆறு வாரத்தில் விற்றாக வேண்டும். என்ன ரகம், என்ன உரம் போட்டு வளர்த்தது என்று தொட்டியில் ஒரு சீட்டுகூட ஒட்டுவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருக்கும் கட்டாயம் 650 ரூபாய்ச் செடிக்கு இல்லை. செடி வாடினால் சிலர் லேபிள் இல்லாத பாட்டிலில் பூஞ்சை மருந்தை ஊற்றித் தருகிறார்கள். 1968-ம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மருந்து விற்கக் கூடாது. கேட்பார் இல்லை. குழந்தைகள் நடமாடும் ஹாலில், பெயர் தெரியாத மருந்தைத் தெளிக்காதீர்கள்.

நீல ஆந்தூரியம், வானவில் ஆந்தூரியம், நூறு விதை 99 ரூபாய் என்று இணையத்தில் வரும். வாங்கவே வாங்காதீர்கள். ஆந்தூரியம் விதை பழத்திலிருந்து எடுத்த சூட்டிலேயே விதைக்க வேண்டியது. காய்ந்து பாக்கெட்டில் வந்தால் அதில் உயிர் இருக்காது. ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தாலும் விளம்பரம் அப்படியே ஓடும்.

இன்னொன்று: இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், வெட்டியபின் கையைக் கழுவுங்கள்.

மஞ்சளான அடி இலைகளை வெட்டிவிடுங்கள், ஓரம் மட்டும் காய்ந்தவை இருக்கட்டும். இப்போதைக்கு எந்த உரமும் வேண்டாம். நடுவில் புது இலை ஒன்று முழுதாக விரிந்த பிறகு, 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொடுங்கள். பூ அதற்கு அடுத்த இலையோடு வந்தால்கூடச் சரியான வேகம்தான்.