சர்ச்சைக்குள்ளான மதக் கலைப்படைப்புகளில் அழகும் பக்தியும் உண்மையிலேயே கிடைக்குமா, இல்லை அறிவாளிகள் சும்மா சொல்கிறார்களா?

கிடைக்கும். எல்லாவற்றிலும் கிடைக்காது.

இந்தப் பேச்சை எடுத்தாலே சிறுநீரில் மூழ்கிய சிலுவையின் புகைப்படம் ஒன்று இருக்கிறதே, எல்லோரும் நேராக அதற்குத்தான் போகிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதைவிட எனக்கு நெருக்கமானது வேறொன்று. பிரான்சில், மோன் பிளாங்க் மலைக்கு எதிரே, அஸி என்கிற மேட்டுநிலத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. அதன் பீடத்தில் உள்ள பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ழெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பி வெண்கலத்தில் செய்தது. 1950-இல் கோயில் அபிஷேகம் ஆனபோது அது பீடத்தில் இருந்தது. 1951 ஏப்ரலில் ஆன்சி மறைமாவட்ட ஆயர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். எங்களுக்குப் பாடுபட்ட சுரூபம் என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு: நல்ல உடற்கட்டு, வாரிவிட்ட தாடி, விலாவில் கொஞ்சம் சிவப்புப் பெயின்ட், தூங்குவது மாதிரி சாய்ந்த தலை. ரிஷியே செய்த சுரூபத்தில் முகமே கிடையாது. தலை இருக்கும் இடத்தில் ஒரு முண்டு, அவ்வளவுதான். உடம்பு உள்ளே குழிந்து, செதில் செதிலாக, பட்டுப்போன மரத்தின் பட்டை போல இருக்கும். சிலுவை என்று தனியாக ஒன்று தெரியாது, உடம்பும் மரமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருக்கும். தெளிவாகத் தெரிவது விரிந்த அந்தக் கைகள் மட்டும்தான், உடம்பின் அளவுக்குப் பொருந்தாத நீளத்தில்.

அந்தக் கோயில் யாருக்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தச் சுரூபம் புரியும். அஸி அந்தக் காலத்தில் காசநோய் ஊர். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையமே இருக்கிறதே, அந்த மாதிரி சானடோரியங்கள் அந்த மலைச்சரிவில் வரிசையாக இருந்தன. மேரி க்யூரி 1934-இல் இறந்தது அங்கிருந்த சான்செல்மோஸ் என்ற சானடோரியத்தில்தான். அங்கே நோயாளிகளுக்கு ஆன்ம குருவாக இருந்த தெவெமி என்ற குருவானவர்தான் கோயிலுக்கு முன்னின்றவர். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வருவதற்கு முன்னால் காசநோய்க்கு வைத்தியம் என்றால் மலைக்காற்று, வெயில், மாதக்கணக்கில் படுக்கை, அதுவும் போதாவிட்டால் விலா எலும்புகளை வெட்டியெடுத்து நுரையீரலை அமுக்கிவிடும் அறுவைசிகிச்சை. அப்படி ஒரு பக்க நெஞ்சு உள்வாங்கிப் போனவர்கள் உட்கார்ந்து பூசை காணுகிற கோயிலில், வாரிவிட்ட தாடியும் நல்ல உடற்கட்டும் உள்ள ஒருவரைக் கொண்டுபோய் வைத்தால் அவர் யாருக்கு ஆறுதல் சொல்வார்? குழிந்த நெஞ்சோடு பீடத்தில் நின்றவரை நோயாளிகள் தங்களில் ஒருவராகத்தான் பார்த்தார்கள். எடுத்துவிட்டார்கள் என்றதும் எதிர்ப்புத் தெரிவித்தவர்களும் அவர்கள்தான்.

சண்டை தொடங்கியது எங்கே என்றால், பிரான்சின் இன்னொரு மூலையில், ஆன்ழே என்ற ஊரில். 1951 ஜனவரியில் தெவெமி அங்கே கோயிலைப் பற்றிப் பேசப் போயிருக்கிறார். பழமைவாதிகள் கூட்டத்தில் கலாட்டா செய்தார்கள், அப்புறம் சுரூபத்தின் படத்தைப் போட்டுத் துண்டுப் பிரசுரம் அடித்தார்கள், கடவுளைக் கேலி செய்ய விடமாட்டோம் என்கிற தொனியில். சில மாதத்திற்குள் சுரூபம் பீடத்தைவிட்டுப் போய்விட்டது. படத்தைப் பார்த்துக் கொதித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கோயிலில் முழந்தாள் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வருஷம் ரோமிலிருந்தே திருச்சபைக் கலை பற்றி எச்சரிக்கை வந்தது. சுரூபம் திரும்பப் பீடத்துக்கு வர ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. ரிஷியே அதைப் பார்க்கவில்லை, 1959-இலேயே இறந்துவிட்டார்.

இதில் எனக்கு எப்போதும் விந்தையாகப் படுவது ஒன்று. ரிஷியே தன் இஷ்டத்துக்குச் செய்யவில்லை, பைபிளில் எசாயா ஆகமத்தின் 53-ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு செய்தார். பார்ப்பதற்கேற்ற அமைப்பில்லை, விரும்பத்தக்க தோற்றமில்லை, கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலையில் இருந்தார் என்று துன்புறும் ஊழியனைப் பற்றிச் சொல்கிற பகுதி. பெரிய வெள்ளியன்று ஒவ்வொரு கோயிலிலும் முதல் வாசகமாக இதைத்தான் வாசிக்கிறோம், எங்கள் ஊரில் மைக் வைத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி. காதால் கேட்கும்போது யாருக்கும் கோபம் வருவதில்லை. அதையே ஒருத்தி வெண்கலத்தில் வார்த்துப் பீடத்தில் வைத்தால் தெய்வநிந்தனை! (அழகான உடம்பு வேண்டாம், பேயுருவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையாரை எலும்பும் தோலுமாக வார்த்துக் கும்பிட்டிருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு.)

ஜெனீவாவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு மார்ச் மாதம், தவக்காலத்தில், அங்கே போனேன். உள்ளே நுழைந்ததும் கண் சுரூபத்துக்குப் போகாது. பீடத்துக்குப் பின்னால் சுவரை நிறைத்துக்கொண்டு லூர்சா வடிவமைத்த பெரிய திரைச்சீலை தொங்குகிறது, பைபிளின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டில் வரும் பெண்ணும் அரக்கப் பாம்பும். அந்த ஆர்ப்பாட்டத்துக்கு முன்னால் இந்தச் சுரூபம் சின்னதாக, இருண்டு போய், சத்தமில்லாமல் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. முகம் இல்லாததால் அவர் என்னைப் பார்க்கிறாரா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை, கை விரிந்திருக்கிறது, அது போதும் என்று இருந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னேன். தமிழில்தான்.

அழகு என்று கேட்டால், அந்தக் கைகளின் கோடு அழகு. இவ்வளவு சிதைந்த உடம்பிலிருந்து அவ்வளவு நேரான, உறுதியான ஒரு கோடு கிளம்புகிறது. சிதைவு மட்டும் இருந்திருந்தால் வெறும் பரிதாபம் என்று விட்டிருப்பேன்.

செய்தவருக்கு நம்பிக்கை இருக்க வேண்டுமா என்பது அடுத்து வரும் கேள்வி. இந்தக் கோயிலைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும். தெவெமிக்கு ஆலோசகராக இருந்த குத்தூரியே என்கிற தோமினிக்கன் துறவி, திறமையில்லாத பக்தர்களைவிட விசுவாசம் இல்லாத மேதைகளே மேல் என்று வெளிப்படையாக வாதாடியவர். முகப்பில் மாதாவை மொசைக்கில் செய்த லெழே கம்யூனிஸ்ட், லூர்சாவும் அப்படியே. ஞானஸ்நானத் தொட்டி இருக்கும் இடத்தில் செங்கடலைக் கடக்கும் காட்சியைச் செய்த ஷகால் யூதர். மாதா சிலை செய்த லிப்ஷிட்ஸ் அதிலேயே, தன் முன்னோரின் மதத்துக்கு உண்மையாயிருக்கும் யூதன் செய்தது என்கிற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் குத்தூரியே சொன்னதை நான் முழுசாக ஏற்கமாட்டேன். அதே கோயிலில் கண்ணாடி ஓவியம் செய்த ரூவோ தீவிர பக்தர், திறமையிலும் குறைந்தவர் இல்லை. மத்தீஸ் மஞ்சள் ஓட்டில் கறுப்புக் கோடாக இழுத்த புனித தோமினிக் நல்ல வரைபடம்தான், ஆனால் என்னைப் பொறுத்தவரை அது வரைபடமாகவே நின்றுவிடுகிறது.

சரி, அந்தப் புகைப்படம். அமெரிக்கரான ஆன்ட்ரெஸ் செர்ரானோ 1987-இல் எடுத்தது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் சிலுவையைத் தன் சிறுநீரில் அமிழ்த்தி எடுத்த படம், தலைப்பே ‘பிஸ் க்ரைஸ்ட்’, அதாவது சிறுநீர்க் கிறிஸ்து. 1989-இல் ஒரு செனட்டர் அதன் பிரதியை செனட் சபையிலேயே கிழித்துப் போட்டார், 2011-இல் அவிஞ்ஞோன் நகரில் சுத்தியலால் அடித்தார்கள். செர்ரானோ தன்னைக் கிறிஸ்தவன் என்றுதான் சொல்கிறார், 2023-இல் போப் பிரான்சிஸ் கலைஞர்களைச் சந்தித்தபோது அவரும் போயிருந்தார். கன்னியாஸ்திரியும் கலை விமர்சகருமான வெண்டி பெக்கெட் அதைத் தெய்வநிந்தனை என்று சொல்ல மறுத்தார், ஆனால் பெரிய கலை என்றும் சொல்லவில்லை. நானும் அங்கேதான் நிற்கிறேன். படத்தில் இருக்கும் பொன்னும் சிவப்புமான ஒளி அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தலைப்பை மறைத்துவிட்டால் அது நன்றாக ஒளியமைத்த ஒரு சிலுவைப் படம், தலைப்பைச் சேர்த்தால் ஒரு விவாதம். விவாதம் எனக்குப் பிடிக்கும், அதன் முன்னால் செபம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. உங்களுக்கு வரலாம், கிறிஸ்துவை இந்த உலகம் எப்படி நடத்துகிறது என்பதே அதில் இருக்கிறது என்று சொல்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் ஞாயிறு பூசை தவறாதவர், நான் அப்படி இல்லை.